ஊன்றுகோலும் தொழுகையும்

கால் வலுவிழந்த பெரியவர்கள் பலர் கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறார்கள். கோட்டைமேட்டிலும் கரும்புக்கடையிலும் சுவரைத் தடவிக் கொண்டே பள்ளிக்கு வந்தவர்கள், ஒருநாள் ஹவ்ளு ஓரம் வழுக்கி விழுந்தபின் வீட்டோடு முடங்கிப் போகிறார்கள். தடி பிடித்தால் கிழம் என்பார்களாம்! கையில் இருப்பது என்ன என்று மூஸா (அலை) அவர்களிடம் அல்லாஹ் கேட்டபோது, அதன்மீது சாய்ந்து கொள்வதையே முதற் பயனாக அவர்கள் சொன்னார்கள் (20:18). நபி கூசாததற்கு நாம் ஏன் கூச வேண்டும்? வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர்.

இனி சட்டத்தைக் கவனிப்போம். நபி (ஸல்) அவர்களுக்கு வயதாகி உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் ஒரு தூணை வைத்து அதில் சாய்ந்து கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. எனவே பர்ளுத் தொழுகையில் தடியூன்றியோ சுவரில் சாய்ந்தோ நிற்க முடிந்தவர் அப்படியே நிற்க வேண்டும். தக்பீர் சொல்லும் நேரம் மட்டுமே நிற்க முடியுமானால் அவ்வளவு நின்றுவிட்டு உட்காரலாம். கை கட்டுவது சுன்னத்துதான். ஒரு கை தடியில் இருப்பதால் தொழுகைக்குக் குறைவில்லை. நிற்கவே இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது மூலநோய் கண்டிருந்த இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் சொன்ன வழி (புகாரி).

நாற்காலி விஷயத்தில்தான் அலட்சியம் மிகுந்துவிட்டது. தரையில் நெற்றி வைத்து ஸுஜூது செய்ய முடிந்தவர் நாற்காலியில் அமர்ந்து சைகை செய்தால் பர்ளு நிறைவேறாது. முடியாதவருக்கோ தடையில்லை, ருகூஉக்குக் குனிவதைவிட ஸுஜூதுக்குச் சற்று அதிகமாகக் குனிய வேண்டும். நிற்க முடிந்தும் ஸுஜூது செய்ய இயலாதவர் உட்கார்ந்தே சைகையால் தொழலாம் என்பது ஹனபி மத்ஹப். ஷாபிஈ மத்ஹபில் நிற்கும் கடமை நீங்காது.

தடியைப் பிடிக்கத் தெரியாமல் பிடிப்பவர்களே அதிகம். வலது கால் பலவீனமானால் தடி இடது கையில் இருக்க வேண்டும். பலவீனமான காலோடு சேர்ந்தே அது முன்னே போக வேண்டும். நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வருவதே சரியான உயரம். படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். கக்கத்தில் வைக்கும் ஊன்றுகோலானால், கக்கத்துக்கும் அதற்கும் இரண்டு மூன்று விரல் இடைவெளி விட்டு, பாரத்தைக் கையில் தாங்க வேண்டும். கக்கத்தில் தாங்கினால் நரம்பு கெட்டுக் கை மரத்துப் போகும். அடியிலுள்ள ரப்பர் தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். ஈரத் தரையில் அதுதான் வழுக்கிவிடும். அதில் நஜீஸ் பட்டிருந்தால் கழுவிய பிறகே பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும். வாங்க வசதியில்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நடக்க இயலாதவர்மீது ஜும்ஆ கடமையில்லை என்பது அவருக்கு அல்லாஹ் தந்த சலுகை. அதைச் சொல்லி ஜமாஅத் நிர்வாகிகள் தப்பித்துக் கொள்ள முடியாது. வாசலில் ஆறு அங்குலப் படி இருந்தால் ஆறடி நீளத்துக்குச் சாய்தளம் போட வேண்டும். அதைவிடக் குட்டையானால் சக்கர நாற்காலியைத் தள்ளுவது சிரமம். ஹவ்ளைச் சுற்றி ஒரு கைப்பிடிக் கம்பியும் வேண்டும். பட்டறைகள் நிறைந்த கோவையில் அது ஒரு வெல்டருக்கு அரைநாள் வேலை.