தொட்டிச் செடிக்கு வெளிச்சம் எவ்வளவு?

மீன்தொட்டி வைத்திருக்கும் அங்கத்தினர் பலர், நீர்ச்செடி வாடினால் உடனே விளக்கைக் கூட்டுகின்றனர். சில நாட்களில் கண்ணாடியெங்கும் பாசி படர்கிறது. விலைகொடுத்து வாங்கிய செடியோ தேறுவதில்லை. காரணம் யாதெனில், இலை உணவு தயாரிக்க ஒளி மட்டும் போதாது; கரியமில வாயுவும் உப்புச் சத்துக்களும் வேண்டும். அவ்வாயு, காற்றில் பரவுவதைக் காட்டிலும் நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. ஆதலின், ஒளியை மட்டும் ஏற்றினால் செடியால் அதற்கு ஈடுகொடுக்க இயலாது. எஞ்சிய ஒளி பாசிக்கே பயன்படும்.

நானும் முதலில் தொட்டியைக் கிழக்குச் சன்னலோரம் வைத்தவன்தான். மூன்றாம் வாரம் நீர் பச்சைச் சாயத்தொட்டி போலாயிற்று! வெயில் படாத உட்சுவர்ப் பக்கம் மாற்றி, நீரையும் பகுதி பகுதியாக மாற்றி, எல்.இ.டி. விளக்கை நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரித்த பின்னரே தெளிந்தது. புதுத் தொட்டிக்கு இதுவே போதும். செடி வேரூன்றிய பின் 8 மணி வரை உயர்த்தலாம். விளக்கை அணைக்க மறப்பது வீட்டில் இயல்பு. ஆகவே தானே அணைக்கும் நேரக்கருவி ஒன்றைப் பொருத்துதல் நன்று.

வெளிச்சக் குறைவையும் செடியே காட்டிவிடும். வேலம்பாசியின் கணுவிடைகள் நீண்டு, அடியிலைகள் உதிருமாயின் ஒளி போதவில்லை எனக் கொள்க. அனுபியாஸ், ஜாவாப் பெரணி ஆகியவை நிழல் தாங்குவன; அவற்றை விளக்குக்கு நேர் கீழே வைத்தால் இலைமீது பாசி ஒட்டும். எம்மாற்றம் செய்தாலும் இரு வாரமாவது பொறுங்கள். பழுதான பழைய இலை திருந்தாது. புதுத் தளிரையே நோக்குங்கள்.