52 வோல்ட் காட்டுது சார்!

அம்பத்தூர் எஸ்டேட், திருமுல்லைவாயல், ஆவடி, கரையான்சாவடி எங்கும் தண்ணீர் கேனும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு போகும் மூன்று சக்கர பேட்டரி வண்டிகளை மீன்பாடி வண்டியின் சத்தமில்லாத தம்பிகள் என்று சொல்லலாம். கைமாறி வரும் வண்டியில் பெயின்ட்டைப் பார்த்து விலை பேசுவார்கள். பணம் போவதென்னவோ சீட்டுக்கு அடியில் இருக்கும் நாலு லெட் ஆசிட் பேட்டரிக்குத்தான். அந்த நாலைச் சுற்றி எத்தனை கதைகள்!

“மீட்டர்ல 52 வோல்ட் காட்டுது சார், பேட்டரி புதுசு மாதிரி.”

விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் சார்ஜரைக் கழற்றிய கையோடு பார்த்தால் கிழட்டு பேட்டரியும் அந்த எண்ணைக் காட்டும். பிளேட்டின் மேலாக நிற்கும் சார்ஜ் அது. சில மணி நேரத்தில் இறங்கிவிடும். முழு சார்ஜ் ஏறி, ஓய்ந்து நிற்கும் 12 வோல்ட் பேட்டரிக்கு 12.7தான் கணக்கு. நாலுக்கும் சேர்த்து 50.8. ராத்திரி முழுக்க சும்மா நிறுத்திவிட்டுக் காலையில் அளக்கச் சொல்லுங்கள், ஒவ்வொன்றையும் தனியாக. மொத்தத்தை மட்டும் பார்த்தால் ஒன்றின் நோயை மற்ற மூன்றும் மூடி மறைத்துவிடும்.

அதுவும் பாதிப் பரீட்சைதான். பின்சக்கரத்தைத் தூக்கிவைத்துச் சுற்றிக் காட்டுவது வேடிக்கைக்கு ஆகும், சோதனைக்கு ஆகாது. நம் பக்கம் நிலம் தட்டை, மோட்டார் மூச்சுப்பிடித்து இழுப்பது ரயில்வே மேம்பாலம் ஏறும்போதுதான். பத்து கேன் ஏற்றி, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரு குட்டி வோல்ட் மீட்டரை மாட்டிப் பாலம் ஏறுங்கள். மூன்று 12-ஐ ஒட்டி நிற்க, ஒன்று மட்டும் 10-க்குக் கீழே சரிந்தால் ஆளைப் பிடித்தாயிற்று.

“நாலும் போச்சு, செட்டையே மாத்தணும்.”

பெரும்பாலும் போனது ஒன்றுதான். அந்த ஒன்று மற்றவற்றைக் கெடுக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாலும் வரிசையாகக் கோத்தவை, ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. 48 வோல்ட் வண்டியில் பல கண்ட்ரோலர்கள் மொத்தம் 42 வோல்ட் வாக்கில் வண்டியை நிறுத்தும். மூன்று 12-லும் ஒன்று 6-லும் இருந்தால் கூட்டல் சரியாக 42. கண்ட்ரோலர் கைவைப்பதற்குள் அந்த நோஞ்சான் சக்கையாகப் பிழியப்பட்டிருக்கும்.

சார்ஜ் போடும்போது கதை திரும்புகிறது. சார்ஜர் 57.6 வோல்ட் வரை ஏற்றும் என்று வையுங்கள். நல்ல நிலையில் தலைக்கு 14.4. ஒன்றில் ஒரு செல் ஷார்ட் ஆகிவிட்டால் அது 12-க்கு மேல் ஏறாது. மிச்சம் 45.6 மூன்று பேர் தலையில் விழும், ஆளுக்கு 15.2. நல்ல பேட்டரிகள் கொதித்துத் தண்ணீரை இழப்பது இதனால்தான். சூடானதைப் பார்த்து “இதுதான் கெட்டது” என்று நல்லதைக் கழற்றிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, ஒன்றை மட்டும் புதிதாகப் போடலாமா? மற்ற மூன்றும் ஒரு வருடத்துக்குள் என்றால், அதே ஆம்பியர் அவரில் போடலாம். இரண்டு வருடம் உழைத்த மூன்றோடு புதியதைச் சேர்த்தால் புதுசுக்கான காசு வீண். அதே வயதில் நல்லதொரு பழையது கிடைத்தால் அதுதான் பொருத்தம்.

பேட்டரியைத் திட்டுவதற்கு முன் இணைப்பு ஒயரையும் தொட்டுப் பாருங்கள். 40 ஆம்பியர் ஓடும் லூஸ் டெர்மினலில் அரை வோல்ட் விழுந்தாலே 20 வாட் சூடு. மழைநீர் தேங்கும் நம் தெருக்களில் ஓடிய வண்டியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். ஒயரைக் கழற்றி, செல் மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்துக் காயவிட்டு, இறுக்கி வாசலின் தடவினால் பாதி ‘செத்த’ வண்டிகள் எழுந்துவிடும்.

“ஆசிட் கொஞ்சம் ஊத்துனா பவர் ஏறும்.”

ஏறுவது ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மட்டும்தான். பேட்டரியிலிருந்து காணாமல் போவது தண்ணீர். ஆசிட் எங்கும் போவதில்லை, சல்பேட்டாகப் பிளேட்டில் உட்கார்ந்திருக்கிறது. மேலும் ஊற்றினால் பிளேட்டைத் தின்னும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு. முன்பே நிரப்பினால் மட்டம் ஏறி ஆசிட்டாக வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவுக்கு முதலில் விட்டுக்கொள்ளலாம். பேட்டரித் தண்ணீருக்கென்றே ஐஎஸ் 1069 என்று இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. வண்டியிலேயே இருக்கிறதே என்று கேன் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் உண்டு. ஆர்.ஓ. வடிகட்டினாலும் அதில் உப்பு மிச்சம் இருக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் தூசியும் உலோகத் துகளும் சேர்ந்து வரும்.

தண்ணீர் விடுவதற்கு முன் ஹைட்ரோமீட்டர் வையுங்கள். முழு சார்ஜில் 1.265 முதல் 1.280. செல்லுக்குச் செல் 0.050-க்கு மேல் வித்தியாசம் என்றால் குறைந்து நிற்கும் செல்தான் சந்தேகத்துக்குரியது.

“சுத்தமா இறக்கிட்டுத்தான் சார்ஜ் போடணும்.” இது பழைய நிக்கல் காட்மியம் பேட்டரிக்குச் சொன்னது, லெட் ஆசிட்டுக்கு விஷம். காலியாக ஒரு ராத்திரி கிடந்தாலே சல்பேட் கெட்டிப்படத் தொடங்கும். சவாரி முடிந்ததும் போடுங்கள், காற்றோட்டமான இடத்தில். கடைசியில் வெளியேறும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

“சிமென்ட் தரையில வெச்சா சார்ஜ் இறங்கிடும்.” மரப்பெட்டி, ரப்பர் பெட்டிக் காலத்துப் பேச்சு. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது.

கடைசியாக, “செத்த பேட்டரிக்கு என்ன சார் மதிப்பு?” எடையில் பாதிக்கு மேல் ஈயம், அதுதான் மதிப்பு. 2022 பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழையதைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆசிட்டைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வெறும் பெட்டியைக் காயலான் கடையில் எடைபோடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே கொண்டுபோய், எத்தனை கிலோ, கிலோவுக்கு எவ்வளவு கழிக்கிறீர்கள் என்று பில் போடுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.