வெண்மலை வழி

பிரான்சு, இத்தாலி ஆகிய இரு நாடுகளின் எல்லையில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மிக உயர்ந்த சிகரம் நிற்கிறது. மாண்ட் பிளாங்க் என்பது அதன் பெயர். வெண்மலை என்பது அப்பெயரின் பொருள். உச்சிப் பாறையைப் பனி கவிந்து மூடியிருத்தலின், அதன் உயரமும் ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும். 2021இல் 4,807.81 மீட்டர் என அளந்தவர்கள், 2023இல் 4,805.59 மீட்டர் எனக் கண்டனர். ஜாக் பால்மா, மருத்துவர் மிஷேல் பக்கார் ஆகிய இருவரும் 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் முதன்முதல் அம்முடியில் கால் வைத்தனர். பனிச்சறுக்குக் கட்டைகளைத் துணைக்கொண்டு அதனை அடைந்தது 1904ஆம் ஆண்டிலாகும். ஹியூகோ மிலியஸ் என்பவர் வழிகாட்டிகளோடு அதனைச் செய்து முடித்தார்.

சறுக்குக் கட்டை கட்டிக்கொண்டு மேலே ஏறுவது எங்ஙனம் என்று வியப்புத் தோன்றலாம். கட்டையின் அடியில் மயிருள்ள பட்டை ஒன்றை ஒட்டுவர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் ஆட்டு மயிராலோ செயற்கை இழையாலோ நெய்யப்படுகிறது. மயிர் பின்னோக்கிப் படிந்திருத்தலால், கட்டை முன்னே வழுக்கிச் செல்லும், பின்னே வழுக்காது. உச்சியை அடைந்தபின் பட்டையை உரித்து மடித்து வைத்துவிட்டுச் சறுக்கி இறங்கலாம். நீண்ட கட்டை உடலின் எடையைப் பரப்பித் தாங்குவதால், பொதுக்கென்று கால் புதையும் பனியிலும் அது அமிழ்வதில்லை.

ஷாமொனி என்னும் பள்ளத்தாக்கு ஊரிலிருந்து கம்பிவட ஊர்தியில் பாதித் தொலைவு ஏறி, சரிவின் குறுக்கே நடந்தால் போசோன் பனியாறு எதிர்ப்படும். அது வேறொரு பனியாற்றை விட்டுப் பிரியுமிடத்தில் பனிக்கட்டி நொறுங்கி, கிணறுகள் போன்ற பிளவுகளாய்க் கிடக்கிறது. சில பிளவுகளின்மேல் பனி பாலம் போலப் படிந்திருக்கும். அப்பாலம் தாங்குமா, உடையுமா என்பதைக் கண்ணால் அறிதல் அரிது. ஆதலின் ஒருவரையொருவர் கயிற்றாற் பிணைத்துக்கொண்டே இதனைக் கடப்பர். அப்பால் 3,051 மீட்டர் உயரத்தில், பனியின் நடுவே நீட்டிய பாறை ஒன்றின்மேல் கிராண் முலே என்னும் தங்குமனை இருக்கிறது. முந்நாளில் வந்தவர் அங்கே உறங்கி, நள்ளிரவு கழிந்ததும் விளக்கைத் தலையிற் கட்டிக்கொண்டு புறப்படுவர். கதிரவன் பனியை இளக்குவதற்குள் ஏறித் திரும்ப வேண்டுமன்றோ?

இங்கிருந்து வழி இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, சிறு சமவெளி, பெரு சமவெளி எனப்படும் பனித்தட்டுகளின் வழியே செல்வது. சாய்வு குறைந்தது; ஏறுதற்கு எளிது; பழையவர் சென்றதும் பெரும்பாலும் இதுவே. ஆனால் சிறு சமவெளிக்கு நேர்மேலே பனிக்கட்டிக் கோபுரங்கள் தொங்குகின்றன. அவை வெயிலில் மட்டும் வீழ்வன அல்ல. பனியாறு ஓயாது நகர்தலால் கடுங்குளிர் நள்ளிரவிலும் வீழும். அதன் கீழ் நடப்பவனுடைய திறமையோ அனுபவமோ அங்கே உதவுவதில்லை. மற்றொன்று, கூதே முகட்டின் வடக்கு விளிம்பு. அது செங்குத்தானது, கட்டைகளை முதுகிற் சுமந்து, காலணியில் இரும்பு முட்களைக் கட்டி, பனிக்கோடரியை ஊன்றி ஏறவேண்டியது. எனினும் தலைக்குமேல் எதுவும் தொங்குவதில்லை. உழைப்பு மிகுதியாயினும், அறிந்தோர் ஏறுவதற்கு இவ்விளிம்பையே தேர்வர்.

பெரு சமவெளிக்கு மேலுள்ள சரிவில் 1820ஆம் ஆண்டு ஹாமெல் என்ற மருத்துவரின் குழுவைப் பனிச்சரிவு தாக்கியது. மூன்று வழிகாட்டிகள் பிளவொன்றில் புதையுண்டனர். அவர்களுடைய உடலின் பகுதிகளும் பொருள்களும் 1861இல், மிகத் தாழ்வில், போசோன் பனியாற்றின் அடியில் வெளிப்பட்டன. திண்ணிய பாறை போலத் தோன்றும் பனி, நாற்பத்தோர் ஆண்டு அவர்களை மெல்லச் சுமந்து வந்தது.

இரு வழிகளும் மேலே கூடுகின்றன. 4,362 மீட்டரில் வல்லோ காப்பறை உளது. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையிற் கிடைப்பதில் பாதிக்குச் சற்றே கூடுதலாகும். பெரும்பாலோர் இங்கே கட்டைகளை விட்டுவிட்டு, கத்தி முனை போன்ற போஸ் விளிம்பின்மேல் நடந்து முடியை அடைவர். 1966ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் ஏர் இந்தியா வானூர்தி மோதியதும் இம்முடியின் அருகிலேதான். அணு அறிஞர் ஹோமி பாபா உள்ளிட்ட 117 பேரும் மாண்டனர். அவ்வூர்தி ஏற்றிவந்த இந்திய நாளிதழ்கள் 2020இல் அதே போசோன் பனியாற்றில் வெளிப்பட்டன. இந்திரா காந்தி பிரதமரான செய்தி அவற்றில் இன்னும் படிக்கக்கூடியதாய் இருந்தது.

இறங்குகையில் மற்றவர் வழியே மாறுகிறது. ஏறும்போது அஞ்சி விலக்கிய சமவெளிகளின் வழியாகவே பலர் சறுக்கி வருவர். நடந்து ஏறுவோன் நெடுநேரம் கோபுரங்களின் நிழலில் இருக்க வேண்டும். சறுக்கி வருவோன் சில நிமிடங்களில் அதனைக் கடந்துவிடுவான். ஆயினும் அங்கே நிற்பதில்லை, படம் எடுப்பதில்லை. விழுந்தவன் எழுந்ததும் ஓடுகிறான். பின்னர்ப் பிளவுகள் நிறைந்த அப்பிரிவிடம் மீண்டும் வரும். இரவில் இறுகியிருந்த பனிப்பாலங்கள் நண்பகலை நெருங்க நெருங்க நெகிழ்ந்திருக்கும். அதனால் பையிலிருந்த கயிற்றை எடுத்து, முன்போலவே பிணைத்துக்கொண்டு ஒருவர்பின் ஒருவராகக் கடக்கின்றனர்.