எந்தப் பழுதுக்கு எந்தப் பராமரிப்பு?

இத்தனை மணி நேரம் ஓடினால் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்பது ஆலைகளில் பழகிப்போன விதி. விமானத்துறையும் ஒரு காலத்தில் அதையே நம்பியது. 1978-இல் யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் தந்த அறிக்கை அந்த நம்பிக்கையை ஆட்டிவிட்டது. ஆராய்ந்த விமான உறுப்புகளில் 11 சதவீதத்துக்குத்தான் வயது வரம்பால் பயன் கிடைக்கக்கூடும். 68 சதவீதம், புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் அதிகம் பழுதாகின. அதாவது, நன்றாக ஓடுவதைப் பிரிப்பதே பழுதை வரவழைக்கலாம்.

ஆர்.சி.எம். என்னும் நம்பகத்தன்மை மையப் பராமரிப்பு இங்கிருந்துதான் வளர்ந்தது. இதில் இயந்திரத்துக்கு ஒரு முறை என்று கிடையாது. ஒவ்வொரு பழுதையும் எடுத்துக்கொண்டு, அது நேர்ந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்டுத்தான் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நிலையைக் கண்காணித்தல்: முன்கூட்டியே அறிகுறி காட்டும் பழுதுகளுக்கு. பேரிங்கில் அதிர்வு கூடி ஆறு வாரத்தில் அது உடையும் என்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது அளக்க வேண்டும். மாற்ற அவகாசம் இல்லாத அறிகுறியால் பயனில்லை.

கெடு வைத்து மாற்றுதல்: தேய்மானம், அரிப்பு போல வயதோடு வரும் பழுதுகளுக்கு மட்டும். ஆயுள் சீராக இருக்கிறதா என்று பழைய பதிவேட்டில் பாருங்கள்.

இயக்கிச் சோதித்தல்: தீயணைப்புப் பம்பு, அவசர ஜெனரேட்டர், பாதுகாப்பு வால்வு போன்றவை கெட்டிருந்தாலும் வெளியே தெரியாது. தேவைப்படும் நாளில்தான் தெரியவரும். பல ஆலைகளின் அட்டவணையில் விடுபடுவது இதுதான்.

பழுதாகும்வரை ஓட்டுதல்: ஆளுக்கு ஆபத்தில்லை, உற்பத்தியும் நிற்காது, மாற்றச் செலவு குறைவு என்றால் இதுவே சரி. உதிரிப் பாகம் கையிருப்பில் இருக்கட்டும்.

அமைப்பை மாற்றுதல்: உயிருக்கு ஆபத்தான பழுதை மேற்சொன்ன எதனாலும் தடுக்க முடியாதபோது இது கட்டாயம். பண நஷ்டம் மட்டும் என்றால் கணக்குப் பார்த்து முடிவெடுக்கலாம்.

முழு ஆய்வா, சுருக்க வழியா?

ஆர்.சி.எம். ஆய்வுக்கென 1999-இல் வந்த எஸ்.ஏ.இ. ஜே.ஏ. 1011 தரநிலை ஏழு கேள்விகளைக் கேட்கிறது. அத்தனைக்கும் விடை காண ஆபரேட்டரும் ஃபிட்டரும் பொறியாளரும் பல நாள் சேர்ந்து உட்கார வேண்டும். எல்லா இயந்திரத்துக்கும் அது கட்டுப்படியாகாது. பாய்லர், கம்ப்ரசர் போல, நின்றால் ஆலையே நிற்கும் அல்லது ஆளைக் காயப்படுத்தும் அமைப்புகளுக்கு முழு ஆய்வு செய்யுங்கள். மற்றவற்றுக்கு இப்போதுள்ள அட்டவணையை எடுத்து, ஒவ்வொரு வேலையும் எந்தப் பழுதைத் தடுக்கிறது என்று கேட்டால் போதும். பதில் இல்லாததை நீக்கிவிடலாம். ஆனால் சுருக்க வழி இருக்கிற வேலைகளை மட்டுமே சலிக்கும், விடுபட்டதைக் காட்டாது. அதனால் பாதுகாப்புச் சாதனங்களை மட்டும் அதன் பொறுப்பில் விடாதீர்கள்.