சரளைப் பாதையும் மிதிவண்டியும்

சென்னைக்குத் தெற்கே, பரங்கிமலை தொடங்கி வண்டலூர் வரையில் சிறு குன்றுகள் பல உள்ளன. வானளாவும் மலைகள் என்று அவற்றைக் கூறுதல் இயலாது; ஆயினும், அகவையால் அவை இமயத்திற்கும் மூத்தவை. அவற்றின் கரும்பாறைக்குத் தாமஸ் ஹாலண்டு என்னும் நிலநூலறிஞர் 1893ஆம் ஆண்டில் ‘சார்னோக்கைட்டு’ எனப் பெயரிட்டார். கொல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னாக் என்பாரின் கல்லறைக் கல் இவ்வினத்தைச் சார்ந்தது ஆதலின் அப்பெயர் அமைந்தது. இத்தகைய பாறை பன்னெடுங்காலம் வெயிலாலும் மழையாலும் நைந்து, பிளந்து, உதிர்ந்து சரளையாகின்றது. சாலைப் பணியாளர் இதனைக் ‘கிராவல்’ என்பர். ‘சரளை’ என்னும் இனிய சொல் நம்மிடம் இருக்க, அஃது எதற்கு?

சரளையை எளிய பொருளென்று எண்ணிவிடலாகாது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் இராபர்ட் புருஸ் பூட் என்னும் அறிஞர், பல்லாவரத்தில் சரளை தோண்டிய குழியருகே கிடந்த கற்குவியலில் கற்கால மனிதன் செய்த கருவியொன்றைக் கண்டெடுத்தார். இந்நாட்டின் பழைய கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கியது. அத்தொன்மனிதன் கால்நடையாய்த் திரிந்த நிலத்தில் இன்று இளைஞர் மிதிவண்டியில் செல்கின்றனர்.

மிதிவண்டியை ‘ஈருருளி’ என எழுதுவாரும் உளர். மிதித்தால் ஓடுவது மிதிவண்டி என்பது சிறு பிள்ளைக்கும் விளங்குமாதலின், அச்சொல்லையே இங்கு ஆள்கின்றேன். 1817ஆம் ஆண்டில் செருமானியராகிய திரைஸ் என்பார் இயற்றிய முதல் வண்டிக்கு மிதி இல்லை. காலால் தரையை உந்தியே அதனைச் செலுத்தினர். 1888ஆம் ஆண்டில் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் செய்தளித்த பின்னரே மிதிவண்டிப் பயணம் இன்பமாயிற்று.

இக்காலத்தில் சரளைப் பாதைக்கென்றே தனி வகை மிதிவண்டிகள் வந்துள்ளன. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006ஆம் ஆண்டு முதல் 200 மைல் நெடுந்தொலைச் சரளைப் பந்தயம் நடைபெற்று வருகின்றது. 2022ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் இதற்கென முதல் உலகப் போட்டியும் நடந்தது. இவ்வண்டியின் சிறப்பு அதன் டயரில் உள்ளது. தார்ச்சாலையில் விரைந்தோடும் பந்தய வண்டியின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலமே உடையது. சரளை வண்டியின் டயரோ 40 மில்லிமீட்டர் அளவினது. இப்புதுமையைக் கண்டு வியப்போர் நம் பால்காரரின் பழைய வண்டியைச் சற்று நோக்குவாராக! அதன் டயர் ஒன்றரை அங்குல அகலம் உடையது. ஏறத்தாழ அதே அளவு. தார் காணாத நாட்டுப்புறப் பாதைகளில் பாற்குடமும் அஞ்சற்பையும் சுமந்து ஓடிய வண்டிக்கு வேறு எவ்வளவு பொருந்தும்? 1949ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் செய்த வண்டிகள் பலவும் இத்தகைய கனத்த வண்டிகளே.

அகன்ற டயரில் காற்றைக் குறைத்து அடைப்பது ஏன்? வண்டியும் ஏறியவரும் சேர்ந்து 80 கிலோ எடை எனக் கொள்வோம். ஒரு சக்கரம் தாங்குவது ஏறத்தாழ 40 கிலோ. காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ எனில், டயர் நிலத்தைத் தொடும் பரப்பு 7 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. அழுத்தத்தை 3 கிலோவாகக் குறைப்பின் அப்பரப்பு இருமடங்காகும், பிடிப்பும் மிகும். அன்றியும், கடினமான டயர் ஒவ்வொரு கல்லின்மீதும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடும். முன்னே செல்லவேண்டிய ஆற்றல் மேலும் கீழும் குதிப்பதிலேயே வீணாகும். மென்மையான டயரோ கல்லைத் தன்னுள் அமிழ்த்திக்கொண்டு செல்லும்.

சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தலாகாது. பின்சக்கரத்தின்மேல் எடை குறைந்து அது வழுக்கும். இறக்கத்தில் முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தலோ அதனினும் தீது.

காட்டுமலைகளில் மிதிவண்டி செலுத்தும் வழக்கம் பரவுதற்குக் கலிபோர்னியாவின் தமல்பயஸ் மலை பெரிதும் காரணமாயிற்று. 1970களில் இளைஞர் சிலர் பருத்த டயருடைய பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து அம்மலைச் சரிவில் பாய்ந்தனர். பிரேக்கின் வெப்பத்தால் அச்சிலிருந்த மசகு எரிந்து புகைந்தது; ஒவ்வோர் ஓட்டத்திற்குப் பின்னும் புதிதாய் இட வேண்டியிருந்தது. அவ்விளைஞர் பெருகியபோது, நடந்து செல்வோர்க்கும் அவர்க்கும் பூசல் மூண்டது. குறுகிய ஒற்றையடிப் பாதைகளில் வண்டியைத் தடுத்து, அகன்ற தீத்தடுப்புச் சாலைகளில் மணிக்கு 15 மைல், கண்மறையும் வளைவுகளில் 5 மைல் என அங்கே வேக வரம்பு வகுத்தனர்.

இப்பூசல் நம்மூர்க்கும் புறம்பன்று. தாம்பரத்தைச் சூழ்ந்த காட்டில் எஞ்சியிருப்பது சிறிதே. மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காடு ஏறத்தாழ 320 எக்டேர் பரப்புடையது. பழைய கல்லுடைப்புக் குழியின் செங்குத்துப் பாறைகளில் கொம்பன் ஆந்தை முட்டையிடுகின்றது. வண்டலூர்க் காப்புக்காட்டின் ஒரு பகுதியில் 1985ஆம் ஆண்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. காரை, களா, சூரை முதலிய முட்செடிகள் நிறைந்த இக்காடுகள் காண்பதற்குப் பொட்டல்போல் தோன்றும். ஆதலின் இவற்றினுள் வண்டியை விடுவதில் குற்றமில்லை எனச் சிலர் எண்ணுகின்றனர். 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் அனுமதியின்றிக் காப்புக்காட்டுள் புகுதலைத் தடை செய்கின்றது. சட்டம் ஒருபுறம் நிற்க. நிலத்தின் நிலையைப் பாருங்கள். சரிவில் ஒருவர் வண்டி செலுத்தினால் ஒரு தடம் படியும். பலர் அதன்வழிச் செல்லின் தடம் பள்ளமாகும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் வடகிழக்குப் பருவமழை அப்பள்ளத்தையே கால்வாயாக்கிக்கொண்டு மேல்மண்ணை அடித்துச் செல்லும். அவ்வாறு போன மண் மீண்டும் உண்டாக மனித ஆயுள் போதாது.

ஆள்காட்டிக் குருவியின் செய்தி இன்னும் இரங்கத்தக்கது. இது மரத்தில் கூடு கட்டுவதில்லை. திறந்த தரையில் சிறு குழியைப் பறித்து, கூழாங்கற்களைப் பரப்பி, பெரும்பாலும் நான்கு முட்டைகள் இடும். பங்குனி, சித்திரையில் இதனைக் காணலாம். முட்டையின் நிறமும் புள்ளியும் சரளைக் கல்லைப் போன்றே இருத்தலால் காக்கையும் கீரியும் ஏமாறும்; மிதிவண்டியில் விரைபவனும் அவ்வாறே ஏமாறுவான்! ஆயின், அவனுடைய ஏமாற்றத்தால் முட்டை உடையும். நண்பகல் வெப்பத்தில் தாய்ப்பறவை நீர்நிலைக்குச் சென்று, வயிற்றுச் சிறகை நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். ஆள் நெருங்குவதைக் கண்டால் உரக்கக் கூவித் தலைக்குமேல் வட்டமிடும்; பெயர்க்காரணமும் அதுவே.

ஆதலின், வண்டி பயில விரும்புவோர் காப்புக்காட்டின் எல்லையை மீறாமல், வெளிப்புறச் சாலைகளையும் ஏரிக்கரைச் செம்மண் பாதைகளையும் நாடுதல் வேண்டும். வண்டலூர்ப் பூங்காவில் மிதிவண்டியை வாடகைக்குப் பெற்று மரநிழலிலே சுற்றிவரும் வழக்கமும் உண்டு. ஏரிக்கரையிலும் ஆள்காட்டியின் குரல் தலைக்குமேல் கேட்குமாயின், வண்டியை நிறுத்தி இறங்கி, வந்த வழியே உருட்டிச் செல்க. முட்டை பொரிய ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். பொரிந்த குஞ்சுகள் விரைவில் குழியை விட்டுத் தாயின்பின் ஓடத் தொடங்கும். பிறகு அப்பாதையில் மீண்டும் வண்டி விடலாம்.