கேட்டதையெல்லாம் பரப்பலாமா?

 



ஒருவர் ஒரு பொய்யைச் சொன்னால் அது வெறும் பொய். பலர் கூடிப் பேசி, சொல்லைத் தேர்ந்தெடுத்து, ஊரெங்கும் ஒரே குரலில் அதைச் சொன்னால் அது பொய்ப் பிரச்சாரம். அரசியலும் போரும் வியாபாரமும் இன்று அதை நம்பித்தான் நடக்கின்றன. அதை உருவாக்குகிறவர்கள் எங்கோ இருக்கிறார்கள். சுமந்து செல்கிறவர்கள் யார் என்பதே இன்றைய கேள்வி.

மக்காவில் நடந்த ஆலோசனை

ஹஜ்ஜுக் காலம் நெருங்கியது. அரபு நாடெங்கும் இருந்து மக்கள் மக்காவுக்கு வருவார்கள், முஹம்மது (ஸல்) அவர்களின் பேச்சைக் கேட்பார்கள் என்று குறைஷிகள் பயந்தார்கள். வலீத் பின் முகீராவிடம் கூடினார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் மக்கள் நம்பமாட்டார்கள், எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லவேண்டும் என்பது வலீதின் யோசனை.

குறிகாரர் என்று சொல்லலாமா? பைத்தியம் என்று சொல்லலாமா? கவிஞர் என்று சொல்லலாமா? அவர் இதில் எதுவுமே இல்லை என்று வலீதே ஒவ்வொன்றையும் மறுத்தான். கடைசியில் சூனியக்காரர் என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தான். தந்தையையும் மகனையும், கணவனையும் மனைவியையும் பிரித்துவிடுகிறார் என்று காரணமும் சொல்லிக்கொடுத்தான். அவன் யோசித்ததையும் திட்டமிட்டதையும் முத்தஸ்ஸிர் அத்தியாயத்தின் 18 முதல் 25 வரையுள்ள வசனங்களில் அல்லாஹ் எடுத்துக்காட்டுகிறான்.

கவனியுங்கள். அது பொய் என்பது வலீதுக்குத் தெரியும். உண்மை எது என்று அவன் தேடவில்லை. மக்கள் எதற்குப் பயப்படுவார்கள் என்றுதான் தேடினான். குடும்பம் பிரிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் பயம் வராது?

தவ்ஸ் கூட்டத்தின் தலைவர் துஃபைல் பின் அம்ர் (ரலி) மக்காவுக்கு வந்தபோது குறைஷிகள் இதையே சொல்லி எச்சரித்தார்கள். அவரும் பயந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கஃபாவுக்குப் போனார். அங்கே நபியவர்கள் ஓதியதில் கொஞ்சம் காதில் விழுந்துவிட்டது. நானே ஒரு கவிஞன், நல்லது கெட்டது எனக்குத் தெரியாதா, நேரில் கேட்டால் என்ன என்று நினைத்தார். பின்னாலேயே சென்று கேட்டார், இஸ்லாத்தை ஏற்றார். அதே தவ்ஸ் கூட்டத்திலிருந்துதான் 5374 ஹதீஸ்களை நமக்குத் தந்த அபூஹுரைரா (ரலி) வந்தார்கள்.

நேரில் கேட்கலாமே என்ற ஒரு நினைப்பு அத்தனை பெரிய பிரச்சாரத்தைத் தோற்கடித்தது.

அரசியல், போர், விளம்பரம்

2020 மார்ச் மாதத்தை நாம் மறந்திருக்க முடியாது. தில்லி நிஜாமுத்தீன் மர்கஸில் கூடியவர்களில் பலருக்குத் தொற்று இருந்தது உண்மை. ஆனால் திட்டமிட்டு நோயைப் பரப்பினார்கள் என்று சொல்லி, 'கொரோனா ஜிஹாத்' என்று பெயரும் வைத்தார்கள். வலீதைப் போலவே சரியான சொல்லைத் தேடிப் பிடித்தார்கள். பல ஊர்களில் முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விடவில்லை.

2020 ஆகஸ்ட் 21 அன்று மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்ததையும், இவர்களைப் பலிகடா ஆக்க முயன்றதையும் தீர்ப்பில் குறிப்பிட்டது. 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர்கள் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. வதந்தி ஒரே இரவில் நாடு முழுக்கப் போனது. தீர்ப்பு வர ஐந்து வருடம் ஆனது. அன்று வதந்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்?

போரிலும் இப்படித்தான். 1990-ல் சதாம் ஹுசைன் குவைத்தை ஆக்கிரமித்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அமெரிக்க மக்களைப் போருக்குச் சம்மதிக்க வைக்க அந்த உண்மை மட்டும் போதவில்லை. அந்த அக்டோபரில் நயீரா என்ற 15 வயதுப் பெண் வாஷிங்டனில் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள். குவைத் மருத்துவமனையில் இராக் படையினர் குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டுச் சாகவிட்டதைப் பார்த்ததாகச் சொன்னாள். அமெரிக்க அதிபரே அதைத் திரும்பத் திரும்பப் பேசினார். 1991 ஜனவரியில் போர் தொடங்கியது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள் என்பதும், பணம் வாங்கிய ஒரு விளம்பர நிறுவனம் பின்னால் இருந்ததும் 1992-ல்தான் வெளியே தெரிந்தன. அவள் சொன்னதற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை.

விளம்பரத்தின் வேலையும் இதேதான். 1975-ல் வந்த ஒரு சிவப்பழகு கிரீம், கறுத்த பெண்ணுக்கு மாப்பிள்ளையும் வேலையும் கிடைக்காது என்று பல ஆண்டுகள் நம் வீடுகளுக்குள் வந்து சொன்னது. 2020-ல் 'ஃபேர்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போகும் நம் வீட்டார் மனத்திலிருந்து அது போய்விட்டதா? மக்கா வெற்றி நாளில் பிலால் (ரலி) அவர்களைக் கஃபாவின் மீது ஏற்றி பாங்கு சொல்லவைத்த நபியின் உம்மத் நாம்.

நாம் யார் பக்கம்?

இதுவரை கேட்டபோது நமக்குக் கோபம் வந்திருக்கும், பிறர் செய்த தவறுகள் என்பதால். இனி நம்மைப் பார்ப்போம்.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகத் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் செய்திகள் பரவின. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்கு வந்த 65 வயது மூதாட்டி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அந்தச் செய்தியை அனுப்பிய யாரும் தன்னைக் கொலைகாரன் என்று நினைக்கவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) மீதான அவதூறைக் கிளப்பியவன் நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை. ஆனால் அதைப் பேசியவர்களில் பத்ரில் கலந்துகொண்ட மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். நல்லவர்களின் நாவில் ஏறிய பிறகுதான் பொய்க்கு மரியாதை கிடைக்கிறது. அபூஅய்யூப் (ரலி) அவர்களின் மனைவி அதுபற்றிக் கேட்டபோது, நீ அப்படிச் செய்வாயா என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். மாட்டேன் என்றதும், ஆயிஷா உன்னைவிடச் சிறந்தவர் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். நாம் இலேசாக நினைத்துப் பரப்புவது அல்லாஹ்விடம் மிகப் பெரியது என்று நூர் அத்தியாயத்தின் 15-வது வசனம் எச்சரிக்கிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரியுங்கள் என்ற ஹுஜுராத் 6-வது வசனத்தின் கட்டளையும் ஈமான் கொண்டவர்களை அழைத்தே சொல்லப்பட்டது.

நானும் தப்பவில்லை. வேறொரு நாட்டில் நடந்த பழைய நிலநடுக்கப் படத்தை, நேற்று நடந்த தாக்குதல் என்று நம்பி ஒருமுறை மஹல்லா குழுவில் போட்டேன். "ஹள்ரத், இது பழைய படம்" என்று மக்தப் மாணவன் ஒருவன் சொன்னான். சத்தமில்லாமல் அழித்துவிட்டேன். பிறகுதான் உறுத்தியது. என்னிடமிருந்து அழிந்தது, என்னை நம்பி மற்றவர்கள் அனுப்பியது அழியவில்லையே! பகரா 160-வது வசனம், மறைத்தவர்களின் தவ்பாவுக்குச் சீர்திருத்தத்தோடு தெளிவுபடுத்துவதையும் சேர்த்துச் சொல்கிறது. மறுநாள் அதே குழுவில், நான் போட்டது தவறு என்று எழுதினேன்.

என்ன செய்யவேண்டும்?

தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலில் மீனவர்களைப் பாருங்கள். கடலுக்குப் போகுமுன் வானிலை எச்சரிக்கையைக் கேட்கிறார்கள். யாரோ சொன்னார் என்று படகை இறக்குவதில்லை. உயிருக்குக் காட்டும் அந்தக் கவனத்தைப் பிறர் மானத்துக்கும் காட்டுவோம்.

ஒன்று, சொன்னவர் யார், எப்போது, எங்கே என்று கேளுங்கள். தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள். கேட்டதையெல்லாம் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு.

இரண்டு, அதிகமாகக் கோபமூட்டும் செய்தியை அதிகமாகச் சந்தேகியுங்கள். அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் சரி.

மூன்று, தவறாக அனுப்பியிருந்தால் அனுப்பிய இடத்திலேயே திருத்துங்கள்.

நான்கு, அண்டை வீட்டாரோடு பழகுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. புன்னக்காயலும் நீரால் சூழப்பட்டது. கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று வெள்ளம் பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் அறிந்திருந்தால், நம்மைப் பற்றி எவன் எதைப் பரப்பினாலும் அவர்கள் துஃபைலைப் போல நேரில் வந்து கேட்பார்கள். அவர்களைப் பற்றி வந்தால் நாமும் போய்க் கேட்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து பாதுகாப்பாயாக! எங்களால் மானம் இழந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் துணிவைத் தருவாயாக! ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.