சட்டாம்பிள்ளையும் ரெக்கார்டு நோட்டும்



மாணவருக்கு மாணவரே சொல்லிக்கொடுப்பது தமிழ்நாட்டில் பழைய வழக்கம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருவர்தான். சின்னப் பிள்ளைகளை மேய்ப்பது மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையின் வேலை. 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் கீழ்வகுப்பை ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் ஒப்படைத்தார். பெல் 1797இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியிட்டபின் இந்த ‘மெட்ராஸ் முறை’ இங்கிலாந்தில் பரவியது. ஓர் ஆசிரியரை வைத்தே நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கலாம் என்பதுதான் அங்கே அதற்கிருந்த மவுசு. ஆக, சக மாணவர் கற்பித்தல் தொடக்கத்திலிருந்தே தோழமையாகவும் இருந்தது, செலவைக் குறைக்கும் உபாயமாகவும் இருந்தது. சமூகவியல் பார்வைக்கு இந்த இரட்டை முகம் முக்கியம்.

கல்லூரி மாணவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இன்று சேவைவழிக் கற்றல் என்ற பெயரிலும் நடக்கிறது. 1960களில் அமெரிக்கக் கல்லூரிகளில் வழக்குக்கு வந்த பெயர் அது. இந்தியாவில் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் பணியாற்ற வேண்டும், 7 நாள் முகாமுக்கும் போக வேண்டும். தொண்டு இரண்டிலும் உண்டு. ஆனால் சேவைவழிக் கற்றலில் செய்த வேலையைப் பாடத்தோடு பொருத்தி யோசித்து எழுதுவதும் கட்டாயம். அந்த எழுத்து இல்லையென்றால் மிஞ்சுவது வருகைப் பதிவேடு மட்டுமே.

சக மாணவரின் பலம் எங்கே என்பதற்குக் கணக்குப் பாடமே சாட்சி. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி, ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் எத்தனையோ பேர். அதே தப்பைச் சில வருடங்களுக்கு முன் தானும் செய்த அண்ணனோ அக்காவோ, “அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தோமே, விடை எப்படி அரையைவிடக் குறைந்தது?” என்று கேட்டுவிடுவார்கள். ‘சார்’ என்று கூப்பிட வேண்டியவரிடம் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, ‘அண்ணா’விடம் தெரியவில்லை என்று சொல்லிவிடும். சொல்லிக்கொடுப்பவருக்கும் லாபம் உண்டு. விளக்க முனைந்த பிறகுதான் தன் அறிவில் உள்ள ஓட்டை தெரியவரும்.

சமூகவியல் தொடங்குவது, சொல்லிக்கொடுக்கும் கல்லூரித் தொண்டர் குறிப்பெழுதும் ரெக்கார்டு நோட்டில். “மாணவிக்குக் கவனம் போதாது, ஆறு மணிக்கு மேல் உட்காருவதில்லை” என்று ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்ளலாம். ஆறு மணிக்குத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது, வீட்டில் குடம் பிடிக்க வேறு ஆள் இல்லை என்று அடுத்த வாரக் குறிப்பு சொன்னால், முதல் குறிப்பின் பொருளே மாறிவிடுகிறது. அண்ணன்காரன் அதே நேரத்தில் கிரிக்கெட் ஆடப் போகிறான் என்பதையும் சேர்த்துக்கொண்டால், குழாய்த் தண்ணீர் வராத தெரு, பெண்பிள்ளைக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை, வீட்டுப்பாடம் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கின்றன. தனிமனிதத் தொல்லைக்கும் பொதுப் பிரச்சினைக்கும் உள்ள இந்தத் தொடர்பைக் காணும் திறனைத்தான் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் ‘சமூகவியல் கற்பனை’ என்றார். நோட்டில் மாணவியைப் பற்றி மட்டுமே எழுதி, தன்னைப் பற்றி ஒரு வரியும் எழுதாத தொண்டர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். அந்த நேரத்தில் தன்னை யாரும் குடம் தூக்க அனுப்பவில்லை என்பதும் தரவுதான்.

கொடுப்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. பரிசைத் தருவது, ஏற்பது, திருப்பிச் செய்வது மூன்றும் சமூகக் கடமைகள் என்று மானிடவியலாளர் மார்செல் மாஸ் 1925இல் எழுதினார். திருப்பிச் செய்ய முடியாதவர் தாழ்ந்துபோகிறார். அதனால் பிள்ளை நீட்டும் மாங்காய்க் கீற்றை “வேண்டாம்மா” என்று மறுக்கும் பெருந்தன்மை உண்மையில் பெருந்தன்மை ஆகாது; வாங்கிக்கொள்வதே சரி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க வழி செய்வது இன்னும் மேல். அப்போது பட்ட கடன் கீழ்நோக்கி அடைகிறது. 1968இல் மெக்சிகோவில் அமெரிக்க மாணவத் தொண்டர்கள் முன்னிலையிலேயே சமூக விமர்சகர் இவான் இல்லிச் அவர்களது நல்லெண்ணத்தைச் சாடிப் பேசினார். கடுமை சற்று அதிகம்தான். ஆனாலும் செமஸ்டர் முடிந்ததும் அக்கா வராமல் போய்விடுகிறார், பிள்ளை அதே தெருவில் இருக்கிறது என்ற உண்மை அந்தக் கடுமைக்கு வலு சேர்க்கிறது.

மெட்ராஸ் முறையின் பழைய கேள்வியும் இங்கே திரும்ப எழுகிறது. ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கும் பள்ளியில் தொண்டர்கள் வகுப்பை ஓட்டிவிட்டால், காலியிடம் யார் கண்ணிலும் படாது. நோட்டில் இதையும் தேதியோடு குறிக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு, தண்ணீர் லாரி நேரம், காலிப் பணியிடம், எந்தப் பாடத்தில் எத்தனை பேர் தடுமாறுகிறார்கள் என்ற மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் குழுக் கூட்டத்தில் வாசிக்கலாம். கல்லூரிக்கு மதிப்பெண்ணுக்காகப் போகும் அறிக்கையின் நகல் தமிழில் இந்தக் குழுவுக்கும் போக வேண்டும்.